நசியாத தேசிக்காய்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் அருந்ததியைக் குசினி வாசலில் அப்படியே நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டேன். கையில் பாதித் தேங்காய், காதில் கணவனின் குரல். முற்றத்தில் நின்று மயில்வாகனம் கைப்பேசியில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கார் வேலை எல்லாம் முடிஞ்சுது சம்பந்தி. வெள்ளிக்கிழமை முறிகண்டிப் பிள்ளையாரடியிலை வைச்சு மாப்பிள்ளைத் தம்பியின்ரை கையிலை சாவியைக் குடுக்கிறன். பிள்ளைக்கு இன்னும் சொல்லேல்லை. அது பிரச்சினை இல்லை."

அது பிரச்சினை இல்லையாம்!

அந்த வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான் விடிந்திருக்கிறது. அருந்ததி மகளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. மகள் கிருசாந்தியோ விடிந்ததும் விடியாததுமாகத் தகரக் கொட்டிலுக்குள் போய்க் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்காகத் துடைக்கிறோம் என்று தெரியாமல் துடைக்கிறாள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயில்வாகனம் அக்கராயனில் வயல் செய்கிறவர். நன்றாக விளைந்த ஒரு போகத்தோடு பழைய வெள்ளைக் கொரோலா ஒன்றை வாங்கினார். வாங்கியது அவர், ஓட்டுவது கிருசாந்தி. கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிறகு ஒருநாள் காரைப் பின்னுக்கு எடுத்துக் கிணற்றுக்கட்டில் இடித்தார். அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார்.

கிருசாந்திக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், இரத்தம் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. பின்னேர முறை முடிந்து அவள் வெளியே வரும்போது அக்கராயன் பக்கம் ஒரு பஸ்ஸும் இருக்காது. கார் வருவதற்கு முன் தெரிந்தவர் வீட்டு மூலை அறையில் படுத்தெழும்பித்தான் வேலைக்குப் போனாள். அந்த வீட்டுக்காரர் ஒருநாள் குடித்துவிட்டு வந்து அறைக் கதவைத் தட்டியதும், அவள் விடியும்வரை மேசையைக் கதவோடு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்ததும் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கார் வந்தது, அந்த அறை போனது. கார் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் காரைத்தான் லீவு நாட்களில், கராஜுக்குக் கொடுக்காமல், வீட்டுக் கொட்டிலிலேயே வைத்து அவள் புதுசாக்கினாள். பெரிய ஆடம்பரம் ஒன்றுமில்லை. மஞ்சள் பிடித்துப்போயிருந்த முன் லைட் கண்ணாடிகளைத் தண்ணீர் தொட்டு சாண்ட் பேப்பரால் தேய்த்தாள். தோள்மூட்டு இரண்டு நாள் நொந்தது. கதவுகளுக்குப் புது ரப்பர் ஒட்டினாள், அக்கராயன் றோட்டுப் புழுதி உள்ளே வராமல் நின்றது. சீற்றுகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கினால் அடியில் நெல் முளைத்திருந்தது. ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீரில், மயில்வாகனம் ஏற்றித் திரிந்த விதைநெல்!

"கொப்பர் இதுக்குள்ளையும் விதைச்சுப்போட்டார்" என்று அருந்ததி சிரித்த சிரிப்பு பக்கத்து வளவு வரை கேட்டது.

சீற் கவர் தைத்தது அருந்ததி. தன்னுடைய தையல் மெசினில், ஊசியை முறித்து முறித்து, ரெக்சீனோடு மல்லுக்கட்டித் தைத்தாள். அப்போதுதான் நிறத்தில் ஒரு சின்ன இழுபறி வந்தது. புழுதிக்கு ஏற்றது கறுப்பு என்றாள் கிருசாந்தி. மயில்வாகனம் விடவில்லை.

"சந்தனக் கலர் போடு. அதுதான் லட்சணம்."

தன்னுடைய சாரம் என்ன நிறம் என்று கேட்டால் குனிந்து பார்த்துச் சொல்லுகிற மனிதர் சீற் கவருக்கு நிறம் சொன்னது கிருசாந்திக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டாள். தகப்பனுக்கும் காரில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு, பின்னால் பார்க்கும் கமரா ஒன்று பூட்டச் சொன்னார். பூட்டினாள். நல்ல சத்தமான ஹோர்ன் வேண்டுமென்றார். அதையும் மாற்றினாள்.

கடைசியாகக் கள்ளச் சுவிச். அயலில் ஒரு மோட்டார்சைக்கிள் களவு போனதிலிருந்து மயில்வாகனத்துக்கு நித்திரையில்லை. பெற்றோல் பம்புக்குப் போகிற வயரை வெட்டி இடையில் ஒரு சின்னச் சுவிச்சைப் பூட்டி, யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்து வைக்கச் சொன்னார். சுவிச்சைப் போடாவிட்டால் கார் ஒருதரம் செருமிவிட்டு நின்றுவிடும். சாவி இருந்தாலும் கள்ளன் கொண்டுபோக முடியாது.

"எங்கை பூட்டினனீ எண்டு எனக்கும் சொல்லாதை. நான் ஆரோடையும் கதைக்கேக்கை வாயை விட்டிடுவன். ஆனால் காரை நிப்பாட்டின உடனை ஓவ் பண்ணிப்போட வேணும், விளங்கிச்சுதோ?"

"ஓமப்பா."

அவளுக்கு அது பழகிவிட்டது. காரை நிறுத்தினால் கை தானாகப் போகும்.

*

அருந்ததி தேநீரோடு கொட்டிலுக்கு வந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்தாள்.

"காணும் பிள்ளை. உந்தக் கண்ணாடி தேஞ்சு போகப்போகுது."

"முறிகண்டியானுக்கு முன்னாலை ஊத்தைக் காரோடை போய் நிக்கேலுமே?"

"அதுக்கில்லை..."

"எதுக்கில்லை?"

அருந்ததி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தேத்தண்ணி ஆறப்போகுது."

எனக்கு அருந்ததியிலும் கோபம்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கணவன் சொன்னதற்கு மறுசொல் சொல்லாதவள் என்று ஊரே பாராட்டும். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு மகளுக்கு என்ன செய்வது?

மயில்வாகனம் வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டி உடுத்து, வேலியோரத்து எலுமிச்சை மரத்தில் தானே பிடுங்கிய நாலு தேசிக்காயோடு வந்தார்.

"வெளிக்கிடுவம். அவை வந்து பாத்துக்கொண்டு நிப்பினம்."

"ஆர் அப்பா?"

"தம்பியும் தாயும். காருக்குப் பூசை செய்யிறம் எண்டு சொன்னன், தாங்களும் வருகினமாம்."

கிருசாந்தியின் முகம் மலர்ந்தது. தர்ஷன் அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. கனகராயன்குளத்துக்காரன், வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை. அவளுடைய தேநீர் இடைவேளைகளில் கைப்பேசியில் கதைப்பான். அன்றன்று காரில் செய்த வேலையை அவளும் அவனுக்குச் சொல்லுவாள். "அருமை. அப்ப லைட்டையும் ஒருக்கா வடிவாச் செய்யுமன்" என்பான். தன்னுடைய கைவேலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்கிற ஓர் ஆண் என்று அவளுக்கு அவனில் ஒரு பிடிப்பு விழுந்ததே அங்கேதான்.

பின்னேர முறைக்குப் போக வேண்டும் என்பதால் வேலைப் பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துப் பின் சீற்றில் வைத்தாள். மயில்வாகனம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையைத் தள்ளிவைத்து அதன் பக்கத்தில் ஏறி இருந்தார்.

அருந்ததி வழமைபோல முன் இடது சீற்றில். முழங்கால் வருத்தக்காரிக்கு அதுதான் இடம். கிருசாந்தியின் இடது கை அந்தச் சீற்றின் உள்பக்க ஓரத்துக்குப் போனது. அருந்ததி கேட்காமலே முழங்காலை ஒதுக்கினாள். சீற் கவரின் கீழ்மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள்தான் சுவிச். அந்தப் பையைத் தைத்தது அருந்ததி. சுவிச்சைப் பூட்டும்போது டோர்ச் பிடித்ததும் அருந்ததி.

கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது.

*

முறிகண்டியில் வெள்ளிக்கிழமைச் சனம். ஏ-ஒன்பதில் போகிற பஸ், லொறி, வான் எல்லாம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மேலே போகும். கச்சான் கடலை விற்கும் கடைக்காரிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிருசாந்தி ஒரு மரநிழலில் காரை நிறுத்தினாள். இடது கை தானாகப் போய்ச் சுவிச்சை அணைத்தது.

தர்ஷனும் தாய் கமலேஸ்வரியும் முன்னரே பஸ்ஸில் வந்து காத்துக்கொண்டு நின்றார்கள். வந்தது பஸ்ஸில், திரும்புவது காரில் என்ற கணக்கு. அது கிருசாந்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஐயர் வந்து பொனற்றில் சந்தனம் பூசினார். சூடம் காட்டினார். கமலேஸ்வரி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள்.

"பாத்தியே தம்பி. நான் சொன்ன மாதிரியே சந்தனக் கலர்தான் போட்டிருக்கினம். கறுப்பெண்டால் எனக்குக் கண்ணிலை காட்டேலாது."

கிருசாந்தி துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கமரா?" என்றாள் கமலேஸ்வரி.

"அதுவும் பூட்டியாச்சு சம்பந்தி. ஹோர்னும் மாத்தியாச்சு" என்றார் மயில்வாகனம், கடைக்காரனிடம் சாமான் ஒப்படைக்கிற குரலில்.

கிருசாந்தி தகப்பனைப் பார்த்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தார். நாலாவதையும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, சாவியைத் தம்பியிட்டைக் குடு. அவர் எடுக்கட்டும்."

"ஏன்?"

"காருக்குரியவர்தானே தேசிக்காயிலை ஏத்தி நசிக்கவேணும்."

அவள் சாவியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரின்ரை காரைத் திருத்தினனான்?"

"சத்தம் போடாதை. உன்ரை கார்தான். உனக்குத் தாற சீதனம்தானே."

"எனக்குத் தாறதெண்டால் என்னட்டைத் தாங்கோ. சாவி என்ரை கையிலைதானே இருக்கு. ஏன் பறிக்கிறியள்?"

பதில் இல்லாத இடத்தில் ஆண்கள் வழக்கமாகச் செய்வதை மயில்வாகனமும் செய்தார். "நான் வாக்குக் குடுத்திட்டன்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

கமலேஸ்வரி குறுக்கே வந்தாள். தேன் ஒழுகுகிற குரல் அவளுக்கு.

"இஞ்சை பாரும் பிள்ளை. மோன் ஒவ்வொரு நாளும் மோட்டார்சைக்கிளிலை மழையிலை நனைஞ்சு போறான். புருஷன் நனைஞ்சு போக, பெண்சாதி காரிலை போனால் சனம் என்ன சொல்லும்?"

"சனம் வந்து இரவிலை என்னைக் கிளிநொச்சியிலை இருந்து வீட்டை கொண்டுபோய் விடுமே மாமி?"

தேன் நின்றுவிட்டது. கமலேஸ்வரி மகனைப் பார்த்தாள்.

தர்ஷன் கிட்ட வந்தான். உண்மையாகவே தடுமாறினான். அதை மறைக்காமல் எழுத வேண்டும், அவன் ஒன்றும் கொடுமைக்காரன் அல்ல.

"உமக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான். ஒவ்வொரு நாளும் காரைப் பற்றித்தானே கதைச்சனீர்."

"எனக்குத் தெரியாது."

"சரி, கலியாணம் முடியட்டும், ஒரு வழி பாப்பம். வவுனியாவுக்கு மாற்றம் எடுக்கலாம். அதுவரைக்கும் உங்கை ஆராவது தெரிஞ்ச வீட்டிலை தங்கலாம்தானே?"

அந்த வார்த்தையில்தான் கிருசாந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவோடு முட்டுக்கொடுத்த மேசை கண்ணுக்கு முன் வந்தது. அது அவனுக்குத் தெரியாது. தகப்பனுக்குத் தெரியும். அவள் தர்ஷனை விட்டுவிட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்களும் அதைத்தான் சொல்லுறியளோ?"

மயில்வாகனம் றோட்டைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். சீற்றுக் கலரிலை இருந்து ஹோர்ன் வரைக்கும் ஒவ்வொண்டா எனக்குச் சொல்லிச் சொல்லிச் செய்விச்சனீங்கள். ஒருநாளாவது இது உன்னட்டை நிக்காது எண்டு சொன்னனீங்களோ?"

"சொல்லியிருந்தால் நீ செய்திருப்பியோ?"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே அவசரமாகப் பேசினார்.

"முந்தி வந்த இடமெல்லாம் காணி கேட்டுக் குழம்பினது உனக்குத் தெரியும். காணி தரேலாது, அது சோறு. இவை காரைத்தானே கேட்டவை. பழசு எண்டும் சொல்லிச்சினம். அதுதான் கொஞ்சம் புதுசாக்கிக் குடுப்பம் எண்டு... நான் உன்ரை நன்மைக்குத்தானே செய்தனான்!"

நன்மைக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கராயன் குளத்தைக் கேட்டாலும் சொல்லும், மயில்வாகனம் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்காத மனிதர். பிள்ளையின் கையால் வேலை வாங்கி, பிள்ளையின் காலை வாரி, அதற்கு நன்மை என்று பெயரும் வைத்திருந்தார். இந்த மாதிரி நன்மையைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

யாழ்ப்பாண பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கிய சனம் தேங்காய் உடைப்பதை விட்டுவிட்டு இங்கே பார்த்தது. கச்சான் கடைக்காரி வடிவம்மா வாடிக்கையாளரைக் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

"சனம் பாக்குது பிள்ளை. சாவியைத் தா" என்றார் மயில்வாகனம், பல்லைக் கடித்துக்கொண்டு.

கிருசாந்தி பின் கதவைத் திறந்தாள். வேலைப் பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்தாள். சாவியைத் தகப்பனுடைய உள்ளங்கையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுகிற அளவுக்கு அவளிடம் இடமில்லை, முழுவதும் கோபமாக இருந்தது.

"எடுங்கோ. என்ரை கையாலை ஆருக்கும் தரமாட்டன். நீங்களே குடுங்கோ."

அவர் கொடுத்தார்.

தர்ஷன் தயங்கித் தயங்கி ஓட்டுநர் சீற்றில் ஏறினான். கமலேஸ்வரி முன் இடது கதவைத் திறந்துகொண்டு ஏறி, சந்தன நிறத்தில் கையை வைத்துத் தடவி, வசதியாகச் சாய்ந்து இருந்தாள். அருந்ததியின் இடம் அது. அருந்ததி பின்னால் ஏறினாள்.

"பிள்ளையாரே" என்று மயில்வாகனம் கும்பிட்டார். "எடுங்கோ தம்பி."

தர்ஷன் சாவியைத் திருப்பினான். கார் ஒருதரம் செருமியது. நின்றுவிட்டது.

மறுபடியும் திருப்பினான். இழுத்தது, இழுத்தது, பிடிக்கவில்லை.

றோட்டைக் கடக்கப் போன கிருசாந்தி நின்றாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சத்தியமாகச் சொல்லுகிறேன், அதுவரை அவள் அதை நினைக்கவேயில்லை. பழக்கத்தில் அணைத்த சுவிச். திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"பெற்றோல் இருக்கோ?" என்றான் தர்ஷன்.

"நேற்றுத்தான் அடிச்சது" என்றாள் கிருசாந்தி.

"பற்றரி?"

"புதுசு."

"அப்ப என்ன பழுது?"

"ஒரு பழுதும் இல்லை. நான் செய்த வேலை பழுதாகாது."

மயில்வாகனத்துக்கு விளங்கிவிட்டது. முகத்தில் ஒரு நிறம் போய் இன்னொரு நிறம் வந்தது. மகளுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சுவிச் எங்கை?"

"எந்தச் சுவிச்?"

"விளையாடாதை கிருசாந்தி. கள்ளச் சுவிச் எங்கை பூட்டினனீ?"

"உங்களுக்கும் சொல்லவேண்டாம் எண்டெல்லோ சொன்னனீங்கள் அப்பா."

"இப்ப சொல்லு எண்டுறன்!"

"கள்ளன் கேட்டாலும் சொல்லாதை எண்டனீங்கள்."

"ஆரைக் கள்ளன் எண்டுறாய்?"

"நான் ஆரையும் சொல்லேல்லை. காரை உரிமைக்காரருக்குத் தெரியாமல் கொண்டு போறவைக்குத்தானே அந்தச் சுவிச்."

மயில்வாகனம் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது. பஸ் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையால் பிறகு காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தடவினார். டாஷ்போட்டைத் திறந்து உள்ளே இருந்த துணிகளை எல்லாம் இழுத்துப் போட்டார். மிதியடிகளைக் கிளப்பினார். வெள்ளைச் சட்டையில் கிறீஸ் பட்டது. கமலேஸ்வரி காலை இங்கே தூக்கி அங்கே வைத்து வழிவிட்டாள். அவளுடைய வலது இடுப்போடு ஒட்டினாற்போலத்தான் அந்தச் சின்னப் பை இருந்தது. அவள் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன சம்பந்தி இது, எங்களை நடுறோட்டிலை வைச்சு அவமானப்படுத்துறியளோ?" என்று சீறினாள்.

"ஒரு நிமிசம் சம்பந்தி, ஒரு நிமிசம்."

அவர் காருக்குள்ளிருந்து தலையை எடுத்தார். பின் சீற்றில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அருந்ததி இருந்தாள்.

"இஞ்சேர். நீதானே கிட்ட நிண்டனீ. டோர்ச்சும் நீதானே பிடிச்சனீ. எங்கை பூட்டினவள்?"

அருந்ததி நிமிர்ந்து பார்த்தாள். கணவனைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே நின்ற மகளைப் பார்த்தாள். கிருசாந்தி தலையை அசைக்கவில்லை, கண்ணால் கெஞ்சவும் இல்லை. தாய் சொல்லிவிடுவாள் என்றே அவள் நினைத்தாள். எப்போதும் அப்படித்தானே. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு றோட்டின் மறுகரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் அருந்ததி.

"என்ன?"

"தெரியாது எண்டுறன்."

"பொய் சொல்லாதை! முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டுகொண்டு..."

"பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டுதான் நீங்களும் சொன்னனீங்கள், நன்மைக்கு எண்டு."

மயில்வாகனத்தின் வாய் திறந்தபடியே நின்றது. இப்படி ஒரு பேச்சு அருந்ததியிடமிருந்து வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நானும் நினைக்கவில்லை. குசினி வாசலில் நின்ற நாளிலிருந்து அவளைத் திட்டிக்கொண்டே வந்த நான், அந்த இடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினேன்.

"கோளாறான குடும்பம்" என்று கமலேஸ்வரி முணுமுணுத்தாள். "தம்பி, இன்னொருக்கா முறுக்கிப் பார்."

தர்ஷன் முறுக்கவில்லை. சாவியில் கையை வைத்தபடி, கண்ணாடி வழியாக, வெளியே பையோடு நின்ற கிருசாந்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அருந்ததி கதவைத் திறந்து இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கிருசாந்தி தாங்க வந்தபோது கையால் விலக்கிவிட்டு, பின் சக்கரத்தடியில் மெதுவாகக் குனிந்தாள். ஒரு தேசிக்காயை எடுத்தாள். மண்ணைத் துடைத்து முந்தானையில் போட்டாள்.

"என்ன செய்யிறாய்?" என்றார் மயில்வாகனம். குரலில் சத்தமே இல்லை.

"ஊறுகாய்க்கு ஆகும்."

மறுபக்கத்துப் பின் சக்கரத்துக்கு நடந்தாள். இரண்டாவதையும் எடுத்தாள். முன் இடது சக்கரம், மூன்றாவது. கமலேஸ்வரி கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னாள். அருந்ததி காதில் வாங்கவில்லை. பொனற்றைப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் சுற்றி வந்தாள். கைபட்ட இடத்தில் ஐயர் பூசிய சந்தனம் அழிந்தது.

கடைசித் தேசிக்காய் ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரத்துக்கு அணைவாகக் கிடந்தது. கை எட்டும் தூரம்தான். அவள் குனியவில்லை. தர்ஷனுடைய கதவுக்குப் பக்கத்தில் வந்து, மூன்று தேசிக்காயையும் முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி" என்றாள். "கொஞ்சம் இறங்குங்கோ. அதையும் எடுக்கவேணும்."